கையிருப்பில் ஆஸ்பிரின் மட்டும்: மருத்துவர் ஆர்ச்சி காக்ரேனின் வாழ்க்கை

இரண்டாம் உலகப்போரின் நடுப்பகுதி. ஜெர்மனியின் எல்ஸ்டர்ஹோர்ஸ்ட் என்ற இடத்தில் போர்க்கைதிகளுக்கான மருத்துவமனை ஒன்று இயங்கி வந்தது. ஓர் இரவு நேரத்தில் இளம் சோவியத் சிப்பாய் ஒருவரை ஜெர்மானியக் காவலர்கள் அங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுச் சென்றனர். காசநோய் முற்றி, இரு நுரையீரல்களிலும் குழிகள் விழுந்து, மரணத்தின் விளிம்பில் இருந்த அவர் ஓயாமல் அலறிக்கொண்டிருந்தார். மற்ற நோயாளிகளின் உறக்கம் கலையக் கூடாது என்பதற்காக, பொறுப்பில் இருந்த பிரிட்டிஷ் மருத்துவர், தாமும் ஒரு கைதியே ஆனவர், அந்தச் சிப்பாயைத் தமது சொந்த அறையில் படுக்க வைத்தார்.

நுரையீரலின் உறை அழன்று உராய்வதால் எழும் வலியே அலறலுக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். அத்தகைய வலிக்கு உரிய மருந்து மார்ஃபின். அது கையிருப்பில் இல்லை. இருந்தது ஆஸ்பிரின் மட்டுமே. கொடுத்தார், பலன் ஏதுமில்லை. ரஷ்ய மொழி அவருக்கோ அங்கிருந்த வேறு எவருக்குமோ தெரியாது. செய்வதறியாது கட்டிலில் அமர்ந்து அந்த இளைஞரைத் தமது கைகளில் அணைத்துக்கொண்டார். அலறல் ஏறக்குறைய உடனே நின்றது. சில மணி நேரம் கழித்து அந்தச் சிப்பாய் அமைதியாக உயிர்நீத்தார்.

அலறலுக்குக் காரணம் நுரையீரல் அல்ல, தனிமையே என்று மருத்துவர் அப்போதுதான் உணர்ந்தார். தமது கணிப்பு தவறியதை எண்ணி வெட்கப்பட்ட அவர், நெடுங்காலம் இந்நிகழ்ச்சியை எவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார்.

அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் லெமன் காக்ரேன். மருத்துவமனையில் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு எந்த மருந்தைத் தருவது, எதைத் தராமல் இருப்பது என்பதை மருத்துவரின் அனுபவமும் நம்பிக்கையும் மட்டுமே தீர்மானித்துவந்த காலத்தில், அது போதாது என்று வாதாடியவர். 'காக்ரேன்' என்ற பெயர் இன்று உலகெங்கும் மருத்துவர்கள் நாடும் ஒரு தகவல் களஞ்சியத்தின் பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றி அறிந்தவர்கள் குறைவே.

செல்வக் குடும்பத்துப் பிள்ளை

காக்ரேன் 1909-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் காலஷீல்ஸ் நகரில் பிறந்தார். குடும்பம் கம்பளித் துணி ஆலைத் தொழிலில் செழித்த குடும்பம். ஆனால் 1917-இல், முதல் உலகப்போரில் காஸா அருகே நடந்த சண்டையில் தந்தை கொல்லப்பட்டார். அப்போது மகனுக்கு வயது எட்டு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று 1930-இல் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் ஆய்வுக்கூடப் பணியில் அவருக்கு நாட்டம் குறைந்தது. உடல் சார்ந்த சொந்தக் குறை ஒன்றுக்குத் தீர்வு தேடி, ஃபிராய்டின் மாணவரான தியோடர் ரைக்கிடம் உளப்பகுப்பாய்வு சிகிச்சை பெறச் சென்றார். ரைக் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், அங்கிருந்து நெதர்லாந்தின் ஹேக் நகருக்கும் இடம்பெயர, காக்ரேனும் அவரைப் பின்தொடர்ந்தார். சிகிச்சையால் பெரிய பயன் விளைந்ததாக அவர் கருதவில்லை. இருப்பினும் அந்த ஆண்டுகள் அவருக்கு இரண்டைத் தந்தன: ஒன்று, சரளமான ஜெர்மன் மொழி, மற்றொன்று, சான்று இல்லாமல் உறுதியாகப் பேசும் மருத்துவத்தின் மீது ஆழ்ந்த ஐயம்.

1934-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பினருக்கு உதவச் சென்ற மருத்துவக் குழுவில் பணியாற்றினார். பின்னர் திரும்பி வந்து 1938-இல் மருத்துவரானார்.

அவரது மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. அனைவருக்கும் இலவச மருத்துவம் வேண்டும் என்று கோரும் ஊர்வலம் ஒன்றில் அவர் தாமே எழுதிய பதாகையை ஏந்திச் சென்றார். ஆனால் அதில் எல்லாச் சிகிச்சையும் இலவசமாக வேண்டும் என்று அவர் எழுதவில்லை. பயனுள்ள சிகிச்சைகள் அனைத்தும் இலவசமாக வேண்டும் என்றே எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லின் பொருளை அன்று யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சலோனிகா முகாம்

பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்த காக்ரேன், 1941 ஜூன் மாதம் கிரீட் தீவில் ஜெர்மானியப் படைகளிடம் சிறைப்பட்டார். கிரேக்கத்தின் சலோனிகா நகரில் இருந்த கைதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மன் மொழி பேசத் தெரிந்ததும் ஒரு காரணமாக, அம்முகாமின் தலைமை மருத்துவப் பொறுப்பு அவரிடம் வந்தது.

முகாமில் சில சமயங்களில் சுமார் இருபதாயிரம் கைதிகள் வரை இருந்தனர். ஒரு நாளைக்கு அவர்களுக்குக் கிடைத்த உணவு ஏறத்தாழ 600 கலோரி மட்டுமே. எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. டைஃபாய்டு, தொண்டை அடைப்பான், மஞ்சள் காமாலை ஆகியவை பரவின. மருந்து என்று இருந்தவை கொஞ்சம் ஆஸ்பிரின், வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் மருந்து, தோலுக்கான கிருமிநாசினி ஆகியவையே. தொண்டை அடைப்பானால் மட்டுமே நூற்றுக்கணக்கானோர் மடிவார்கள் என்று காக்ரேன் எதிர்பார்த்தார். ஆனால் அவர் பிற்காலத்தில் பதிவு செய்த கணக்கின்படி அங்கு இறந்தவர்கள் நான்கு பேர்தாம். அவர்களில் மூவர் காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள்.

கூடுதல் மருத்துவர்களைத் தருமாறு ஜெர்மானிய மருத்துவ அதிகாரியிடம் ஒருமுறை அவர் வேண்டினார். மருத்துவர்களே தேவையற்றவர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அன்று கடும் கோபம் கொண்ட காக்ரேன், அது கொடூரமான பதிலா அல்லது உண்மையும் கலந்த பதிலா என்று பின்னாட்களில் பலமுறை யோசித்ததுண்டு. உடல் தானே தேறும் ஆற்றலுக்கு முன்னால், தாம் தந்த மருந்துகளின் பங்கு எவ்வளவு சிறிது என்பதை அம்முகாம் அவருக்குக் காட்டிவிட்டது.

இதற்கிடையில் கைதிகளின் கால்கள் வீங்கத் தொடங்கின. முழங்காலுக்கு மேலும் நீர் கோத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினர். காக்ரேனுக்கும் அந்த வீக்கம் இருந்தது. வைட்டமின் பி குறைவால் வரும் பெரிபெரி நோயாக இருக்கலாம் என்று அவர் கருதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், கப்பலில் நோயுற்ற மாலுமிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து எலுமிச்சையின் பயனைக் கண்டறிந்த முறை அவர் நினைவுக்கு வந்தது.

இருபது நோயாளிகளைத் தெரிவு செய்து, பத்துப் பத்துப் பேராக இரு அறைகளில் தங்கவைத்தார். ஓர் அறையினருக்குக் கள்ளச்சந்தையில் வாங்கிய ஈஸ்ட். மற்ற அறையினருக்குத் தம்மிடம் அவசரத் தேவைக்காகச் சேமித்து வைத்திருந்த வைட்டமின் சி. வெளியேறும் சிறுநீரின் அளவைக் கணக்கிடப் பாத்திரங்கள் இல்லை. எனவே எத்தனை முறை சிறுநீர் கழித்தனர் என்று மட்டும் குறித்தார். நான்காம் நாள் காலையில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஈஸ்ட் உண்டவர்களில் பெரும்பாலோர் தேறியிருந்தனர். மற்ற அறையில் மாற்றமில்லை.

குறிப்புகளை எடுத்துக்கொண்டு ஜெர்மானிய அதிகாரிகளிடம் சென்றார். அவர்கள் மனமிரங்குவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கவில்லை. ஆயினும் எண்களைக் கண்ட அவர்கள் முகாமுக்கு ஈஸ்ட் அனுப்பினர். வீக்கம் படிப்படியாகக் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1984-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தச் சோதனையைப் பற்றி எழுதிய காக்ரேன், தாம் நடத்தியவற்றிலேயே இதுதான் மிக மோசமான சோதனை, ஆனால் மிகுந்த வெற்றி பெற்றதும் இதுவே என்று வகைப்படுத்தினார். ஆட்கள் குறைவு, காலம் குறைவு, வீக்கத்துக்குத் தாம் ஊகித்த காரணமே தவறாக இருக்கலாம் என்று அவரே குறைகளை வரிசைப்படுத்தினார். வெற்றி பெற்ற ஒரு செயலைச் செய்தவரே இப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுவது மருத்துவ உலகில் அடிக்கடி நடப்பதன்று.

தெரிவு செய்யும் சுதந்திரம்

சலோனிகாவுக்குப் பின் ஜெர்மனியில் உள்ள முகாம்களுக்கு மாற்றப்பட்ட காக்ரேன், எல்ஸ்டர்ஹோர்ஸ்டிலும் வேறு இடங்களிலும் காசநோயுற்ற கைதிகளைக் கவனித்தார். படுக்கையில் ஓய்வு, நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்கவைத்தல், வயிற்றறைக்குள் காற்றைச் செலுத்துதல் என்று அக்காலத்துச் சிகிச்சைகள் பல இருந்தன. எதை, யாருக்கு, எப்போது தருவது என்பதில் அவரைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை.

அச்சமயத்தில், கைதிகளான மருத்துவர்கள் படிப்பதற்கென வந்த பிரச்சாரச் சிற்றேடு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. சிகிச்சையைத் தெரிவு செய்யும் மருத்துவரின் சுதந்திரத்தை அது போற்றியது. அதைப் படித்த காக்ரேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுதந்திரம் தம்மிடம் வேண்டிய மட்டும் இருந்தது, இல்லாதது அறிவுதான். கொஞ்சம் அறிவு கிடைக்குமானால் அந்தச் சுதந்திரத்தை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்திருப்பேன் என்ற கருத்தை அவர் பின்னர் எழுதினார். தேவையற்ற தலையீடுகளால் தம் நோயாளிகள் சிலரின் ஆயுளைத் தாமே குறைத்திருக்கக் கூடும் என்ற அச்சம் அவரை விட்டு அகலவில்லை.

போர் முடிந்து நாடு திரும்பியதும், லண்டனில் பொதுச் சுகாதாரம் பயின்றபோது, புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில்லின் வகுப்புகளில் அமர்ந்தார். முகாமில் தாம் தேடித் தவித்த வழி அங்கே அவருக்குப் புலப்பட்டது.

பிரிட்டனில் அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்து மிகச் சிறிய அளவிலேயே கிடைத்தது. எல்லோருக்கும் தர இயலாத நிலையில், யாருக்குத் தருவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையில் நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். 1948-இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற 55 காசநோயாளிகளில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். யாருக்கு எது என்று மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தேறக்கூடியவர்களுக்கே புது மருந்து போய்ச் சேரும். பிறகு அவர்கள் தேறியது மருந்தாலா, இயல்பாலா என்று சொல்ல முடியாது. குலுக்கல் அந்தச் சார்பை நீக்குகிறது.

வேல்ஸ் பள்ளத்தாக்குகளும் இதய நோய்ப் பிரிவுகளும்

1948-இல் காக்ரேன் வேல்ஸின் கார்டிஃப் அருகே, சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோயை ஆராயும் நிலையத்தில் சேர்ந்தார். ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில் வீடு வீடாகச் சென்று ஏறக்குறைய எல்லாச் சுரங்கத் தொழிலாளர்களையும் எக்ஸ்ரே எடுக்க வைத்த அவரது ஆய்வு, ஒரு சமூகம் முழுவதையும் அளக்க முடியும் என்பதை நிறுவியது. 1960-இல் பேராசிரியராகவும், கார்டிஃபில் அமைந்த நோய்ப்பரவலியல் ஆய்வுப் பிரிவின் தலைவராகவும் ஆனார்.

இடையில் அவரே நோயாளியாகவும் ஆனார். 1956-இல் அக்குளில் தோன்றிய ஒரு கட்டியைப் புற்றுநோய் என்று உறுதிபடக் கூறி அறுவை மருத்துவர் மார்புத் தசையை அகற்றினார். அகற்றிய திசுவில் புற்றுநோயே இல்லை என்று ஆய்வுக்கூடம் பின்னர் அறிவித்தது. தாம் சாகப்போவதாக நம்பி நாட்களைக் கழித்த காக்ரேன், ஆய்வுக்கூட முடிவு வரும் முன்பே மருத்துவரின் உறுதியான குரலுக்குத் தாமும் பணிந்துவிட்டதை எண்ணி நொந்துகொண்டார். இன்னொன்றும் நேர்ந்தது. அவரது சகோதரிக்குப் போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் இருப்பது தெரியவந்து, தமக்கும் அது இருப்பதை அவர் கண்டறிந்தார். பார்பிட்யூரேட் போன்ற சாதாரண உறக்க மருந்துகளே இந்நோயாளிகளுக்கு ஆபத்தாக முடியலாம். எனவே தூரத்து உறவினர்களையெல்லாம் தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார்.

1960-களில் மாரடைப்பு நோயாளிகளுக்கென மருத்துவமனைகளில் தீவிர கண்காணிப்புப் பிரிவுகள் பெருகின. செலவு மிகுந்த அவை உண்மையில் உயிர் காக்கின்றனவா? பிரிஸ்டல் மருத்துவர் மாதர் தலைமையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் பிரித்து அனுப்பும் ஆய்வு தொடங்கியது. இது அறமற்றது என்று இதய மருத்துவர்கள் பலர் கொதித்தனர்.

ஆய்வைக் கண்காணித்த குழுவின் கூட்டம் ஒன்றில் நடந்ததாகக் காக்ரேன் தமது நினைவுக் குறிப்புகளில் விவரிக்கும் சம்பவம் இன்றும் மருத்துவ வகுப்புகளில் சொல்லப்படுகிறது. தொடக்க முடிவுகளில் மருத்துவமனைப் பிரிவில் இறப்பு சற்றே அதிகம். ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். காக்ரேன் எண்களை வேண்டுமென்றே இடம் மாற்றி, வீட்டில் இறப்பு அதிகம் என்று காட்டும் தாளை முதலில் இதய மருத்துவர்களிடம் தந்தார். ஆய்வை அக்கணமே நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சினந்து எழுந்தனர். அவர்கள் பேசி முடித்ததும் சரியான தாளை எடுத்துக் காட்டி, அதே நியாயப்படி தீவிர சிகிச்சைப் பிரிவுகளை உடனே மூடச் சொல்வீர்களா என்று கேட்டார். அறையில் அமைதி நிலவியது.

இந்தத் தந்திரம் நேர்மையானதா என்று கேட்பவர்கள் உண்டு. சக மருத்துவர்களை அவமதிப்பதில் காக்ரேனுக்கு ஒருவித மகிழ்ச்சி இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. அதோடு, அக்காலத்துக் கண்காணிப்புப் பிரிவுகளிடம் மாரடைப்புக்குத் தரக்கூடிய வலுவான மருந்துகள் குறைவாகவே இருந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய முடிவை இன்றைய மருத்துவமனைக்குப் பொருத்தி, மாரடைப்பு வந்தவரை வீட்டிலேயே வைத்துக்கொள்வது ஆபத்தாகும்.

1972-இல் வெளியான அவரது சிறு நூல், பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் தரப்படும் சிகிச்சைகளுக்குப் பயன் உண்டா, அந்தப் பயன் செலவுக்குத் தகுமா என்ற கேள்விகளை எழுப்பியது. எளிய நடையில் எழுதப்பட்ட அந்நூல் அவரைக் கார்டிஃபுக்கு வெளியே அறியச் செய்தது.

மீண்டும் ஆஸ்பிரின்

சலோனிகாவிலும் எல்ஸ்டர்ஹோர்ஸ்டிலும் அவர் கையில் இருந்த அதே ஆஸ்பிரின் இப்போது மீண்டும் அவர் வாழ்க்கைக்குள் வந்தது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை ஆஸ்பிரின் தடுக்கிறது. அப்படியானால் இதயக் குழாய்களில் அடைப்பையும் அது தடுக்குமா? கார்டிஃப் பிரிவில் பீட்டர் எல்வுட் முன்னின்று நடத்திய ஆய்வில், அண்மையில் மாரடைப்பு கண்ட 1,239 ஆண்கள் பங்கேற்றனர். 1974-இல் வெளியான முடிவில், ஆஸ்பிரின் உண்டவர்களிடையே இறப்பு ஆறு மாதத்தில் 12 சதவீதமும், ஓராண்டில் 25 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் புள்ளியியல் அளவுகோலின்படி இது உறுதியான முடிவு அல்ல. கட்டுரையாளர்கள் அதை மறைக்காமல் எழுதினர்.

ஓர் ஆய்வு உறுதி தராதபோது என்ன செய்வது? ஒரே கேள்வியைக் கேட்ட எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்ப்பதே வழி. ஒவ்வொரு துறையிலும் நடந்த குலுக்கல் முறை ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி, சீர்தூக்கி, காலந்தோறும் புதுப்பிக்கும் தொகுப்பு ஒன்றை மருத்துவத் தொழில் இதுவரை உருவாக்கவில்லை என்று 1979-இல் எழுதிய கட்டுரையில் காக்ரேன் கடிந்துகொண்டார். மகப்பேறு மருத்துவத்தை எல்லாவற்றிலும் பின்தங்கிய துறை என்று ஏளனம் செய்தார். அந்த ஏளனம் தைத்தவர்களுள் ஒருவரான இயன் சால்மர்ஸ் தம் குழுவினருடன் மகப்பேறு ஆய்வுகளைத் திரட்டத் தொடங்கினார். தாம் இகழ்ந்த துறையே முதலில் வழிகாட்டியதைக் காக்ரேன் தமது இறுதிக் காலத்தில் மனமாரப் பாராட்டினார்.

திருமணம் செய்துகொள்ளாத அவர், ஓவியங்கள், தோட்டம், சகோதரியின் குடும்பம் ஆகியவற்றோடு வாழ்ந்தார். புற்றுநோயால் 1988 ஜூன் 18-ஆம் தேதி, 79-ஆம் வயதில் காலமானார். தமக்கான இரங்கல் குறிப்பை அவரே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார். மனைவியின் துணையோ மதநம்பிக்கையோ தொழில்முறைச் சிறப்பூதியமோ இல்லாமல் அளவுக்கு மீறிப் புகைபிடித்த ஒருவர் என்று அதில் தம்மைச் சித்திரித்து, ஆனாலும் அவ்வளவு மோசமாக வாழ்ந்துவிடவில்லை என்று முடித்திருந்தார்.

அவர் இறந்து இரண்டு மாதங்கள் ஆகும் முன், 1988 ஆகஸ்டில், ஆக்ஸ்ஃபர்டிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட 'ஐசிஸ்-2' ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்பு எனச் சந்தேகிக்கப்பட்டு 417 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 17,187 பேர் அதில் பங்கேற்றனர். உடனடியாகத் தொடங்கி ஒரு மாதம் தரப்பட்ட ஆஸ்பிரின், ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய் நோய் இறப்புகளை 23 சதவீதம் குறைத்தது. இரத்த உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 25 சதவீதம் குறைத்தது. இரண்டையும் பெற்றவர்களிடையே குறைவு 42 சதவீதம்.

இதற்கு ஒரு வேதனையான பின்னுரை உண்டு. உறைவு கரைக்கும் சிகிச்சை பற்றிய பழைய ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 1992-இல் வரிசையாகக் கூட்டிப் பார்த்தனர். எட்டு ஆய்வுகள், 2,432 நோயாளிகள் சேர்ந்திருந்த 1973-ஆம் ஆண்டிலேயே ஸ்ட்ரெப்டோகைனேஸ் உயிர் காக்கும் என்பது கணக்கில் தெளிவாகியிருந்தது. அவற்றை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அதே காலத்தில், இதயத் துடிப்பு தடுமாறாமல் இருக்க லிடோகெய்ன் மருந்தை முன்கூட்டியே செலுத்துமாறு பாடநூல்கள் பரிந்துரைத்துவந்தன. அதனால் இறப்பு குறைந்ததற்குச் சான்றே இல்லை. அந்த ஆண்டுகளில் மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு, பயன் நிரூபணமான மருந்து கிடைக்காமல், நிரூபணமாகாத மருந்து கிடைத்தது.

1992-இல் சால்மர்ஸ் தலைமையில் ஆக்ஸ்ஃபர்டில் காக்ரேன் மையமும், மறு ஆண்டு பன்னாட்டு அமைப்பும் தொடங்கின. தமிழகத்தின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2000-களின் நடுப்பகுதியில் இருந்து இவ்வமைப்பின் தெற்காசியப் பணிக்குத் தளமாக விளங்கியது. காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் எவரும் கட்டணமின்றிப் படிக்க 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிசெய்தது.

2020-இல் கோவிட் பெருந்தொற்று மருத்துவமனைகளை நிறைத்தபோது, மருத்துவர்கள் மீண்டும் முகாம் நிலைக்கே தள்ளப்பட்டனர். தெரிவு செய்யும் சுதந்திரம் இருந்தது, அறிவு இல்லை. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் உலகெங்கும் நம்பிக்கையின் பேரில் தரப்பட்டது. பிரிட்டனின் 'ரிக்கவரி' ஆய்வு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்து, அதனால் உயிர் காக்கப்படவில்லை என்று அவ்வாண்டு ஜூன் மாதம் அறிவித்தது. அதே மாதத்தில், பல்லாண்டுகளாகக் கடைகளில் மலிவாகக் கிடைத்துவந்த டெக்சாமெத்தசோன், செயற்கை சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைப்பதாகக் கண்டறிந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயன் இருக்கவில்லை.